எக்ஸ்-ரே செயற்கைக்கோள் எப்படிப் பார்க்கிறது? அட்டையில் செய்து காட்டலாம்

சேலத்துப் பக்கம் பள்ளி அறிவியல் கண்காட்சி என்றாலே ஜிகினாத்தாள் ஒட்டிய தெர்மாகோல் செயற்கைக்கோள்தான். பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் ஒன்றும் வேலை செய்யாது. இந்த முறை 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, விண்வெளியை ஆராயும் இந்தியச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் ஒரு கருவியையாவது இயங்க வைத்துக் காட்டுங்கள்.

எக்ஸ்-ரே கண்ணாடியில் நேராகப் பட்டால் திரும்பாது, உள்ளே புகுந்துவிடும். உரசிக்கொண்டு போனால்தான் திரும்பும். அதனால்தான் ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ்-ரே (ஆற்றல் குறைந்த எக்ஸ்-ரே) தொலைநோக்கியில், தங்கம் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். எக்ஸ்-ரேயின் ஆற்றல் கூடக் கூட அந்த உரசல் கோணமும் சுருங்கிவிடும். அப்போது கைகொடுப்பது ஓட்டைத் தகடு. ஆஸ்ட்ரோசாட்டின் கேட்மியம் சிங்க் டெலூரைடு (எக்ஸ்-ரேயை உணரும் படிகம்) கருவியின் மேலே அரை மில்லிமீட்டர் டான்டலம் உலோகத் தகட்டில் சதுர ஓட்டைகள், கீழே நிழலைப் பதிய 16,384 பிக்சல்கள். நிழல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் நட்சத்திரம் எந்தத் திசை என்று தெரிந்துவிடும்.

சரி, செய்முறை. ஜெராக்ஸ் கடையில் இரண்டு ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வாங்குங்கள். ஒன்றில் 8 செ.மீ. சதுரம் வரைந்து 64 கட்டமாகப் பிரித்து, பாதிக் கட்டங்களில் கறுப்பு சார்ட் துண்டுகளை ஒழுங்கில்லாமல் ஒட்டுங்கள். சார்ட்டையே வெட்டி ஓட்டை போடலாம்தான், ஆனால் நாலு பக்கமும் வெட்டுப்பட்ட துண்டு கையோடு வந்துவிடும். ஒட்டுவதே மேல், ஒட்டாத கட்டங்கள்தான் ஓட்டை. ஷீட்டின் ஓரத்தைச் சுற்றிலும் கறுப்பு சார்ட்டால் மறைத்துவிடுங்கள்.

இதை நிறுத்தி, 20 செ.மீ. பின்னால் ஏ4 டிரேசிங் பேப்பரை விறைப்பாகக் கட்டுங்கள். முன்னால் 2 மீட்டரில் செல்போன் டார்ச், அறை இருட்டாக இருக்கட்டும். தாளில் விழும் நிழலை இரண்டாவது ஷீட்டில் அப்படியே வரைந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நிழல் மூல அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக விழும். டார்ச்சை 30 செ.மீ. வலப்பக்கம் நகர்த்தினால் நிழல் 3 செ.மீ. இடப்பக்கம் போகும். அப்புறம் இரண்டு டார்ச் வையுங்கள். நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். வரைந்த ஷீட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தால் இரண்டே இடத்தில்தான் ஓட்டை எல்லாம் வெளிச்சத்தோடு பொருந்தும். மூன்று டார்ச் வைத்தால் கண்ணுக்குச் சிரமம். ஆஸ்ட்ரோசாட் விஷயத்தில் இந்தப் பொருத்திப் பார்க்கிற வேலையைக் கணினி செய்கிறது.

"ஏற்காட்டு உச்சியில வச்சா ஆகாதா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர்தான், அதற்கும் மேலே இருக்கிற காற்றே எக்ஸ்-ரேயை விழுங்கிவிடும். ஆஸ்ட்ரோசாட் 650 கி.மீ. உயரத்துக்குப் போனது அதற்காகத்தான்.