முதுமையில் எந்தப் பயணம் முதலில்? தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகளின் திருமணம் முடியட்டும், மகன் வேலையில் அமரட்டும், பேத்தி பள்ளியில் சேரட்டும் என்று என் தாயார் தம் கேதார்நாத் ஆசையை இருபது ஆண்டுகள் தள்ளிவைத்தார். அந்த இருபது ஆண்டுகளில் திருப்பதிக்கும் திருச்செந்தூருக்கும் மதுரைக்கும் நாங்கள் எத்தனை முறை போய்வந்தோம் என்பதற்குக் கணக்கே இல்லை. காரில் ஏறி அமர்ந்தால் கோயில் வாசலுக்கு அருகிலேயே இறங்கிவிடக்கூடிய ஊர்களுக்கெல்லாம் கால் நன்றாக இருந்த ஐம்பதுகளில் போய்வந்துவிட்டு, கௌரிகுண்டத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதை ஏற வேண்டிய ஊரை 72ஆம் வயதுக்கு ஒதுக்கி வைத்திருந்தோம். முதுமைப் பயணங்களில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது இந்த வரிசைத் தவறுதான் என்பதை, முழங்கால் மருத்துவர் அவருடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த அன்றுதான் நான் உணர்ந்தேன்.

பயணத்துக்கு வேண்டியவை பணம், நேரம், உடல் ஆகிய மூன்றும் என்று வைத்துக்கொண்டால், ஓய்வு பெற்றவர்களில் பலருக்கு நேரம் கூடுகிறது, பணம் ஓரளவு நிற்கிறது, உடல் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஆகவே ஆசைப் பட்டியலை இடத்தின் பெருமையைக் கொண்டோ செலவைக் கொண்டோ வரிசைப்படுத்தாமல், எந்த இடம் காலையும் மூச்சையும் அதிகம் கேட்கிறதோ அதை முன்னால் வைக்க வேண்டும். 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் பெரிய மலைக்கு 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. பழனியிலும் ரோப் காரும் விஞ்சும் உள்ளன. இவை எழுபதுகளிலும் காத்திருக்கும். (பழனி ரோப் கார் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாளும், ஆண்டில் பல வாரங்கள் தொடர்ச்சியாகவும் நிறுத்தப்படும் என்பதால், புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.) ஆனால் உத்தராகண்ட் மலையிலுள்ள யமுனோத்ரியும் நேபாளத்து முக்திநாத்தும் அப்படிக் காத்திருப்பவை அல்ல.

உடல் ஒத்துழைத்தாலும் விதிகள் கதவைச் சாத்திவிடுவதும் உண்டு. அமர்நாத் யாத்திரைக்கு 70 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பதிவு செய்வதில்லை. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாய மானசரோவர் யாத்திரைக்கும் 70 வயதே மேல்வரம்பு; அதோடு உயரத்துக்கேற்ற எடையும் பார்க்கிறார்கள், உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டக் கூடாது. தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறை அழைத்துச்செல்லும் கட்டணமில்லா இராமேசுவரம்–காசிப் பயணமும், அறுபடை வீடு பயணமும்கூட 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கே உரியவை. 69 வயதில் "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர் இவற்றில் சிலவற்றை நிரந்தரமாகவே இழக்கக்கூடும்.

இரண்டாவது தவறு, மலையின் கடினம் காலுக்கு மட்டும்தான் என்று எண்ணுவது. நடக்க முடியாவிட்டால் குதிரை இருக்கிறது, டோலி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஹெலிகாப்டர் இருக்கிறது என்று பயண ஏற்பாட்டாளர்கள் ஆறுதல் சொல்வார்கள். கேதார்நாத் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்ரிநாத் 3,100 மீட்டருக்கு மேல், முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். ஏறத்தாழ 2,500 மீட்டரைத் தாண்டும்போதே காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, மூச்சுத் திணறல் ஆகியவை தொடங்கக்கூடும். உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும். அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல் போகும்போது இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஹெலிகாப்டர் காலின் வேலையை மட்டுமே மிச்சப்படுத்துகிறது. பழகுவதற்கு உடலுக்கு வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொண்டு விடுகிறது. முக்திநாத்துக்கும் இதே நிலைதான்: சுமார் 800 மீட்டர் உயரத்திலுள்ள போக்ராவிலிருந்து சிறு விமானத்தில் ஏறி, அரை மணி நேரத்துக்குள் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள ஜோம்சோமில் இறங்கி, அங்கிருந்து அன்றைக்கே ஜீப்பில் மேலே போய்த் தரிசனம் முடிக்கும்படி திட்டம் போடுகிறார்கள். ஜோம்சோமில் ஓர் இரவு தங்கிப் போனால் உடலுக்கு எவ்வளவோ உதவி. அங்கே பிற்பகலில் காற்று பலமாக வீசுவதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே பறக்கின்றன. வானிலை மாறினால் அந்தக் காலையும் போய்விடும். கையில் ஒரு நாளாவது உபரியாக இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பணம் கட்டிய பிறகு போனால், "போகலாம்" என்ற பதிலை எதிர்பார்த்தே நாம் கேள்வி கேட்கிறோம். நாமே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலின் 417 படிகளையோ அதுபோன்ற உள்ளூர் மலையொன்றையோ அடுத்தடுத்து மூன்று நாட்கள் ஏறிப் பாருங்கள். ஒரு நாள் ஏறுவது பெரிதல்ல. யாத்திரை என்பது வலித்த காலோடு மறுநாளும் எழுந்து புறப்படுவது என்பதால், மூன்றாம் நாள் காலை முழங்கால் சொல்லும் பதிலே உண்மையான பதில்.

என் தாயாருக்கு மருத்துவர் கேதார்நாத் வேண்டாம் என்று சொன்னபோது, நாங்கள் செய்யவிருந்த அடுத்த தவறு, அதற்குப் பதிலாக ஏதாவது ஓர் ஊருக்கு அழைத்துப்போய்ச் சமாதானப்படுத்துவது. ஆசைக்கு ஒரு வேர் இருக்கும். அதைக் கேட்டறியாமல் இடத்தை மட்டும் மாற்றினால் செலவுதான் மிஞ்சும். சில நாட்கள் விட்டுவிட்டுப் பேசியபோது, சிறுவயதில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கிய ஒரு காலண்டர் படத்தைப் பற்றி அவர் சொன்னார். சிவபெருமானுக்குப் பின்னால் வரிசையாக வெள்ளை மலைகள். அவற்றை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் மனத்தில் இருந்தது. பனி மலையைப் பார்க்க அதன் மேல் ஏற வேண்டியதில்லை. அக்டோபர் கடைசியில் காத்கோதாம் வரை ரயிலிலும், அங்கிருந்து நடுவில் ஓர் இரவு தங்கிக் காரிலும் கௌசானிக்குப் போனோம். உத்தராகண்டின் குமாவுன் பகுதியில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தச் சிற்றூரில், மழை ஓய்ந்து வானம் தெளிந்த நாட்களில் நந்தாதேவியும் திரிசூல் சிகரமும் விடுதி மாடத்திலிருந்தே தெரியும். விடியற்காலையில் திரிசூலின் மூன்று முனைகளும் ஒவ்வொன்றாகச் சிவக்கத் தொடங்கியபோது, அவர் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போடச் சொல்லி, முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தை அவிழ்த்து, மலையைப் பார்த்தபடியே பூசிக்கொண்டு, பின்னால் நின்ற எங்கள் நெற்றியிலும் இட்டார்.

மாற்று இடம் என்பது எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கேதார்நாதரையே தரிசிக்க வேண்டும் என்று உருகுபவரிடம் கௌசானியைக் காட்டுவது அவரைப் புண்படுத்தும். ஆயினும் இடம் மாறினால் ஆசை தோற்றுவிட்டது என்று நினைப்பவர்களுக்கு நம் சைவ மரபிலேயே பதில் இருக்கிறது. முதிய வயதில் கயிலையை நோக்கி நடந்த அப்பர், பாதம் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, புரண்டும் போக முடியாமல் கிடந்தபோது, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்பது வரலாறு. ஆடி அமாவாசையில் திருவையாற்றில் இன்றும் அந்தக் காட்சி விழாவாக நடைபெறுகிறது. கால் தளர்ந்த அடியவருக்குக் காவிரிக் கரையில் கிடைத்ததைக் குறைந்த தரிசனம் என்று யாரும் சொன்னதில்லை.

இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும், நாட்களைத் தேர்ந்தெடுப்பதில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்பது நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கோயில்கள் என்று அச்சிட்ட நோட்டீஸைப் பார்த்து, ஒரு கோயிலுக்கு எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்த்து மகிழ்பவர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பேருந்தில் அமர்ந்திருப்போம் என்று வகுத்துப் பார்ப்பதில்லை. என் அத்தை ஒருவர் அப்படி ஒரு குழுப் பயணத்தில், வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து, காலை நான்கு மணி முதல் நண்பகல் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். வெளியே சொல்லக் கூச்சப்பட்ட அந்த ஒரு காரணத்தால், நான்காம் நாள் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்து, மீதிப் பயணம் முழுவதும் விடுதி அறையிலேயே படுத்திருந்து திரும்பினார். பெண்கள் பலர் இப்படித்தான் பயணம் செய்கிறார்கள் என்பதை ஆண்கள் அறிவதே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டி நிற்குமா, எங்கே நிற்கும் என்ற கேள்வியைப் பணம் கட்டும் முன் தயங்காமல் கேட்க வேண்டும். பதில் சரியாக வராத ஏற்பாட்டாளரை விட்டுவிடலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. தரிசனம் முடியும் வரை வாயில் ஒன்றும் போடுவதில்லை என்ற வழக்கத்தையும், காலை மாத்திரையைத் தவற விடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் ஒரே நாளில் சேர்த்துக் கடைப்பிடித்தால், வரிசையில் நிற்கும்போதே சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். சில மாத்திரைகளும் இன்சுலினும் உணவில்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாதவை. தரிசன நாளன்று எந்த மருந்தை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இடுப்புப் பையில் நான்கு பேரீச்சம்பழமாவது வைத்திருங்கள். மாத்திரைகளை இரண்டு பங்காக்கி இரண்டு பைகளில் வைப்பதும், விமானத்தில் இன்சுலினைக் கைப்பையிலேயே கொண்டுபோவதும் அவசியம். சரக்கறையின் குளிரில் உறைந்த இன்சுலின் பயன்படாது.

ரயில் பயணச்சீட்டில் நேரும் தவறு சிறியதுதான், ஆனால் இரவெல்லாம் வதைக்கும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. 60 வயது நிறைந்த ஆண்களும் 45 வயது நிறைந்த பெண்களும், தனியாகவோ அல்லது இந்தத் தகுதியுள்ள இருவராகவோ ஒரே சீட்டில் பதிவு செய்தால்தான் அந்த ஒதுக்கீடு கிடைக்கும். குடும்பம் பிரியக் கூடாதென்று மகன், மருமகள், பேரன் எல்லோரையும் ஒரே சீட்டில் சேர்த்துவிட்டால் பெற்றோர் அந்த ஒதுக்கீட்டை இழக்கிறார்கள். அவர்கள் இருவருக்கும் தனிச் சீட்டாகப் பதிவு செய்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போவதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மகளின் பேறுகாலத்துக்கோ பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ ஆறு மாதம் அமெரிக்கா போய், சமையலறைக்கும் தொட்டிலுக்கும் நடுவே அந்த ஆறு மாதத்தையும் கழித்துத் திரும்பும் தாய்மார்களை "அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டார்கள்" என்று ஊர் சொல்கிறது. அது அன்பினால் செய்த கடமை. அதை அவர்களுடைய பயண ஆசைக் கணக்கில் வரவு வைப்பது நியாயமன்று. புறப்படும் முன்பே பத்து நாட்களை அவர்களுக்கென ஒதுக்கி, அவர்கள் பார்க்க விரும்புவது எது என்று கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். பனிக்காலத்தில் போய் வீட்டுக்குள் அடைபடாதிருப்பதும், பழைய நோய்களை மறைக்காமல் சொல்லி, அவற்றுக்கும் ஈடு தரும் காப்பீடா என்று வரிவரியாகப் படித்து எடுப்பதும் பிள்ளைகளின் பொறுப்பு.

கணவனின் ஆசையையே தம்பதியின் ஆசையாகக் கொள்வதும் நம் வீடுகளில் சாதாரணம். "அவர் போகிற இடத்துக்கு நானும்" என்று சொல்லிப் பழகிய மனைவியிடம், உனக்கு எங்கே போக வேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் முதல் நாள் பதில் வராது. பத்து நாள் கழித்து, தாம் பிறந்து வளர்ந்த கிராமத்து ஆற்றங்கரை என்றோ, தோழியின் ஊர் என்றோ பதில் வரும். இருவர் விருப்பமும் வேறாக இருந்தால் அவர் நண்பர்களோடும் இவர் தங்கையோடும் தனித்தனியே போய்வருவதில் குறை ஒன்றுமில்லை.

என் தாயாருக்கு இப்போது 74 வயது. மீதமிருக்கும் ஆசை காசி. ஹரித்துவாரையும் அயோத்தியையும் அதோடு சேர்க்கலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள்; நாங்கள் சேர்க்கவில்லை. மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும் டிசம்பர், ஜனவரியை விட்டு, பிப்ரவரி கடைசியைத் தேர்ந்திருக்கிறோம். நீர்மட்டம் இறங்க இறங்கக் காசியின் படித்துறைகளில் இறங்க வேண்டிய படிகள் கூடும் என்பதால், நீராடலைப் பிரயாகையில் வைத்துக்கொண்டோம். அங்கே படகில் சங்கமம் வரை போய், நீரில் போட்டிருக்கும் மரத் தட்டிலிருந்தே மூழ்கி எழலாம். அங்கே கரைப்பதற்கான இராமேசுவரத்து மணல் சிறு பித்தளைச் செம்பில் துணி கட்டிப் பூசையறையில் இருக்கிறது. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும் என்று சொன்னதும், அவரே விரல்விட்டு எண்ணி, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.