தமிழ்ச் செய்தித் தளங்களைத் தொல்லையில்லாமல் படிக்க: ஃபயர்பாக்ஸும் யுபிளாக் ஆரிஜினும்

“உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, உடனே சுத்தம் செய்யுங்கள்” என்று திரையின் மேலே வந்து விழும் அறிவிப்பு பெரும்பாலும் வைரஸின் வேலை அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கும், படிக்கும் அவசரத்தில் ‘அலவ்’ தட்டியிருப்பீர்கள். அதனால் ஆன்ட்டிவைரஸ் ஆப் போட்டால் தீராது. குரோமில் மூன்று புள்ளி, ‘செட்டிங்ஸ்’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று உள்ளே போங்கள். மேலே இருக்கும் சுவிட்சை அணைத்தால் இனிமேல் எந்தத் தளமும் கேட்காது. ஆனால் ஏற்கெனவே அனுமதி வாங்கியவை அதே பக்கத்தில் கீழே பட்டியலாக இருக்கும். சுவிட்சை அணைப்பதால் அவை போகாது, ஒவ்வொன்றாகத் தட்டித்தான் நீக்க வேண்டும். தொல்லை தீரவில்லை என்று சொல்பவர்களில் பலர் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்து விளம்பரம். அதைத் தடுப்பது யுபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட வழியில்லை. கணினியில் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதியை மேனிஃபெஸ்ட் வி3க்கு குரோம் மாற்றியபின், 2025இல் முழு யுபிளாக் ஆரிஜினும் அங்கே நின்றுபோனது. கிடைப்பது வசதிகள் குறைந்த அதன் ‘லைட்’ வடிவம்தான். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் கணினி, ஆண்ட்ராய்டு இரண்டிலும் முழு வடிவமே ஓடுகிறது. ஐஃபோனில் ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷனை ஏற்காது. அங்கே சஃபாரிக்கு லைட் வடிவத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

நிறுவுவது

ஃபயர்பாக்ஸ் மெனுவில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ திறந்து யுபிளாக் ஆரிஜின் தேடுங்கள். உருவாக்கியவர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஆரிஜின்’ இல்லாமல் வெறும் ‘யுபிளாக்’ என்று இருப்பது வேறு ஆட்களுடையது. நிறுவும்போது பிரைவேட் விண்டோவிலும் இயங்க அனுமதி கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கே மட்டும் விளம்பரம் கொட்டும். ஏற்கெனவே வேறு ஆட்பிளாக்கர் (விளம்பரத் தடுப்பான்) இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பது தப்புக் கணக்கு. தளத்தைச் சமாளிக்க ஒன்று போடும் மாற்று ஸ்கிரிப்டை (சிறு நிரலை) இன்னொன்று தடுத்துவிடும். “ஆட்பிளாக்கரை அணையுங்கள்” என்ற பலகை அதனாலேயே அதிகம் வரும்.

யுபிளாக் சின்னத்தைத் தட்டி, பல்சக்கரப் படத்தை அழுத்தினால் அதன் டாஷ்போர்டு திறக்கும். எதையெல்லாம் தடுக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்கள் உள்ள ‘ஃபில்டர் லிஸ்ட்ஸ்’ பகுதியில் ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி உட்படத் தேவையானவை முன்பே டிக் ஆகியிருக்கும். கூடுதலாக மூன்றே போதும்: வட்டார லிஸ்ட்களில் இந்தியாவுக்கான இண்டியன்லிஸ்ட், குக்கி அறிவிப்புகளை மறைக்கும் லிஸ்ட், ‘அனாயன்ஸஸ்’ (தொல்லைகள்) பகுதியில் யுபிளாக்கின் சொந்த லிஸ்ட். பிறகு மேலே ‘அப்ளை சேஞ்சஸ்’ அழுத்தாமல் வெளியே வந்தால் எதுவும் மாறியிருக்காது. எல்லாவற்றையும் டிக் செய்யும் ஆசை வரும், வேண்டாம். பல லிஸ்ட்கள் ஒன்றையொன்று திரும்பச் சொல்பவை. ரேம் குறைவான போனில் வேகம் குறையும், தளங்களும் அடிக்கடி உடையும்.

ஒட்டிக்கொண்டே வரும் பெட்டிகள்

மூலையில் மிதக்கும் வீடியோ, “எங்கள் ஆப்பை இறக்குங்கள்” பட்டை போன்றவை விளம்பரக் கணக்கில் வராததால் லிஸ்ட்கள் இவற்றைப் பல நேரம் விட்டுவிடும். அதற்குத்தான் ‘எலமென்ட் பிக்கர்’. யுபிளாக் சின்னத்தில் ஐட்ராப்பர் (சொட்டுக்குழாய்) படத்தை அழுத்தி, தொல்லை தரும் பெட்டியைத் தட்டுங்கள். அந்த இடம் நிறம் மாறும், கீழே ஒரு சிறு பலகை வரும். அதில் உள்ள ஸ்லைடர்களை மெல்ல நகர்த்தி, பெட்டி மட்டும் தேர்வாகும்படி சரிசெய்யுங்கள். ‘பிரிவியூ’ அழுத்தி, போக வேண்டியது போயிருக்கிறதா, கட்டுரை மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘கிரியேட்’.

பிரிவியூ பார்க்காமல் ‘கிரியேட்’ கொடுத்து முழுப் பக்கமும் வெள்ளையாகிப்போவது அடிக்கடி நடக்கும். பெட்டியைச் சுற்றியிருக்கும் பெரிய சட்டம் தேர்வாகியிருப்பதுதான் காரணம். டாஷ்போர்டில் ‘மை ஃபில்டர்ஸ்’ திறந்து கடைசி வரியை அழித்துச் சேமித்தால் பக்கம் திரும்பிவிடும். மறைத்த பெட்டி சில வாரம் கழித்து மறுபடி முளைத்தால், தளம் உள்ளே பெயரை மாற்றியிருக்கிறது என்று அர்த்தம். பழைய வரியை நீக்கிப் புதிதாகத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும் அகற்ற, பக்கத்திலேயே இருக்கும் மின்னல் படம் போதும். அது எதையும் சேமிக்காது.

உடைந்தால்

பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றால், ஓடிபி பெட்டி வராவிட்டால், பதற வேண்டாம். முகவரிப் பட்டையின் கேடயச் சின்னத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் ஃபயர்பாக்ஸின் டிராக்கிங் பாதுகாப்பை (உங்களைப் பின்தொடர்வதைத் தடுக்கும் வசதியை) அணைத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் அதைத் திரும்பப் போட்டுவிட்டு, யுபிளாக்கின் பெரிய பவர் பட்டனை அணைத்து ரீலோட் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாக அணைத்தால் குற்றவாளி யார் என்று தெரியாது. வங்கித் தளங்களுக்கு இதைப் பணம் கட்டும் முன்பே சோதித்துவிடுவது நல்லது, நடுவழியில் ரீலோட் செய்தால் பணம் மாட்டிக்கொள்ளலாம். டிராக்கிங் பாதுகாப்பை ‘ஸ்ட்ரிக்ட்’டில் வைத்தால் செய்திக்குள் பதித்த சமூக ஊடகப் பதிவுகள் காணாமல்போகலாம், தினசரி படிப்புக்கு ‘ஸ்டாண்டர்ட்’டோடு யுபிளாக்கே போதுமானது.

எழுத்து

கணினியில் தமிழ் பொடியாகத் தெரிந்தால் ஒவ்வொரு தளமாக ஜூம் செய்துகொண்டிருக்க வேண்டாம். ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் எழுத்துருப் பகுதியின் ‘அட்வான்ஸ்ட்’ திறந்து, மேலே மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வைத்து, குறைந்தபட்ச அளவை 16 ஆக்குங்கள். அப்படியும் ஒரு தளம் மாறவில்லையா? அது தன் பக்கத்தின் மொழியை ஆங்கிலம் என்று குறித்திருக்கும். லத்தீனுக்கும் (ஆங்கில எழுத்துக்கான தேர்வு) அதே குறைந்தபட்ச அளவைக் கொடுத்தால் சரியாகிவிடும். தளங்கள் தம் எழுத்துருவைத் தேர்வுசெய்ய அனுமதிக்கும் டிக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள்; மெனு, தேடல் சின்னங்கள் பல தளங்களில் எழுத்துருவாகவே வருவதால் எல்லாம் வெறும் கட்டங்களாகிவிடும்.

ரைட் கிளிக்கைப் பூட்டி வைத்திருக்கும் தளங்களில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் ஃபயர்பாக்ஸின் மெனு வந்துவிடும்.

மற்ற ஆப்களின் விளம்பரத்தையும் குறைக்க ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற வசதி நெட்வொர்க் செட்டிங்ஸில் உண்டு. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை. விளம்பரம் தடுக்கும் ஒரு சர்வரின் பெயரை, உதாரணமாக விளம்பரத் தடுப்பு நிறுவனமான ஆட்கார்ட் தன் தளத்தில் கொடுத்திருப்பதை, அங்கே இடலாம். யூடியூப் விளம்பரம் இதில் போகாது. வீடியோ வரும் அதே இடத்திலிருந்துதான் அதுவும் வருகிறது. ரயில் நிலையம், ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் திறக்காமல் அடம்பிடித்தால் இதை ‘ஆட்டோமேட்டிக்’குக்கு மாற்றி உள்ளே நுழைந்துவிட்டு, பிறகு பழையபடி வைத்துக்கொள்ளுங்கள்.