ஆர் மொழியில் பெயர் சூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆர் (R என்ற புள்ளியியல் நிரல்மொழி) கற்பவர்களின் திரையை எட்டிப் பார்க்கும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகள் அச்சுப் பிசகாமல் எதிரே நிற்கின்றன. மேற்கோள் குறியை மூட மறப்பது, காற்புள்ளியை விட்டுவிடுவது போன்றவற்றை ஆரே எரர் காட்டி நிறுத்திவிடும். அவற்றைச் சொல்ல நான் தேவையில்லை. சத்தமே இல்லாமல் நடந்துவிடுபவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

லெவல்ஸை மாற்றிவிட்டு, வரிசையை மாற்றியதாக நினைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு வீட்டுக் கணக்கெடுப்பில், குடிநீர்த் தட்டுப்பாடு எப்படி என்ற கேள்விக்குக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று விடைகள் இருந்தன. 2020இல் வெளிவந்த 4.0.0 பதிப்புக்கு முந்தைய ஆர், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பைப் படிக்கும்போதே எழுத்துகளைத் தானாக ஃபேக்டர், அதாவது வகைகளாகப் பிரித்த தரவு, ஆக்கிவிடும் என்பதால், நான் கேட்காமலேயே லெவல்கள் (அந்த வகைகளின் பெயர்கள்) அகர வரிசையில் அதிகம், குறைவு, நடுத்தரம் என்று அமர்ந்திருந்தன. வரைபடத்தில் குறைவு முதலில் வரவேண்டும் என்பதற்காக, லெவல்ஸ் ஃபங்ஷனுக்கு (கட்டளைக்கு) அந்த மூன்று சொற்களையும் நான் விரும்பிய வரிசையில் கொடுத்தேன். வரைபடம் மிக ஒழுங்காக வந்தது.

தட்டுப்பாடு அதிகம் என்று சொன்ன வீடுகள் எல்லாம் குறைவு ஆகிவிட்டன. குறைவு நடுத்தரமாகவும், நடுத்தரம் அதிகமாகவும் மாறியிருந்தன. களப்பணிக்குச் சென்றிருந்த ஒருவர், "சார், அந்தத் தெருவுக்கு வாரத்துக்கு ஒரு லாரித் தண்ணீர்தான் வருகிறது, அங்கே எப்படிக் குறைவு?" என்று கேட்டபோது, அறிக்கையின் இரண்டாவது வரைவு ஏற்கெனவே கைமாறியிருந்தது.

ஃபேக்டருக்குள் இருப்பவை 1, 2, 3 என்ற எண்களும், அவற்றுக்கான பெயர்ப் பட்டியலும்தான். லெவல்ஸுக்குப் புதிய மதிப்பைக் கொடுத்தால் பெயர்கள் மட்டுமே மாறும்; எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். வரிசையை மாற்ற வேண்டுமானால், ஃபேக்டர் ஃபங்ஷனையே மீண்டும் அழைத்து, அதனுள் லெவல்ஸ் என்ற ஆர்க்யுமென்டில் (உள்ளீட்டில்) வரிசையைத் தர வேண்டும். லெவல்ஸைத் தராமல் லேபிள்ஸை (காட்ட வேண்டிய பெயர்களை) மட்டும் தந்தால், அதே குழியில் வேறு வழியாக விழுவீர்கள். மூல நெடுவரிசையை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பழையதையும் புதியதையும் டேபிள் ஃபங்ஷனில் ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள்: ஒரே பெயர்கள் சந்திக்கும் கட்டங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுழியம் இருக்க வேண்டும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. எனக்கு ஒரு வாரம் போயிற்று.

பெயர்களை எண்ணாமல் கொடுப்பது

ஐந்து உறுப்புகள் உள்ள வெக்டருக்கு (மதிப்புகளின் வரிசைக்கு) ஆறு பெயர்கள் கொடுத்தால் எரர் வரும். நான்கு கொடுத்தால் வராது. ஐந்தாவதன் பெயர் என்ஏ (NA, அதாவது மதிப்பு இல்லை) ஆகிவிடும்.

மேட்ரிக்ஸுக்கு நேம்ஸ்

வேண்டாம். மேட்ரிக்ஸ் என்ற அட்டவணையின் நெடுவரிசைகளுக்குப் பெயரிடக் கோல்நேம்ஸ், கிடைவரிசைகளுக்கு ரோநேம்ஸ் இருக்கின்றன.

ஒரே பெயரை இருமுறை வைப்பது

வெக்டரில் ஆர் இதைத் தடுக்காது. பெயர் சொல்லி எடுத்தால் முதலாவது மட்டுமே கிடைக்கும்.

டாலர் குறியை நம்புவது

டேட்டா ஃபிரேமில் (தரவு அட்டவணையில்) வயதுக்குழு என்ற நெடுவரிசை மட்டும் இருக்கும்போது, டாலர் குறியிட்டு ($) வயது என்று கேட்டால், ஆர் பெயரின் முற்பகுதியைப் பொருத்திப் பார்த்து வயதுக்குழுவையே எடுத்துத் தந்துவிடும். அதே வயதுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தாலோ, வயதுக்குழுவைத் தொடாமல், வயது என்ற புதிய நெடுவரிசையை உருவாக்கும். படிக்கும்போது ஒரு நியாயம், எழுதும்போது ஒரு நியாயம்! இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் பெயரை மேற்கோளிட்டுக் கேட்டால், முழுப்பெயர் பொருந்தாதவரை எதுவும் வராது.