ஒயாந்தைதாம்போ போறவங்க பண்ற தப்புகள்

பெருவுல மச்சு பிச்சுங்கிற பழைய இன்கா நகரத்தைப் பார்க்கப் போற நிறைய பேருக்கு ஒயாந்தைதாம்போன்னா ஒரு ரயில்வே ஸ்டேஷன், அவ்வளவுதான். குஸ்கோவுல வேன் ஏறி ரெண்டு மணி நேரத்துல வந்து இறங்குவாங்க, ஒரு காபி குடிப்பாங்க, ட்ரெயின் ஏறிப் போயிடுவாங்க. திரும்பி வரும்போதும் அதே கதை, ட்ரெயினை விட்டு இறங்கின கையோட வேன். ஸ்பானியர் வர்றதுக்கு முன்னாடி அங்க ஆண்ட இன்காக்கள் காலத்துல போட்ட தெரு அமைப்புலயே, அதே கல் சுவருக்குள்ள இன்னைக்கும் ஜனங்க குடும்பம் நடத்துற ஊர் இது, வாசலை ஒட்டி கல் வாய்க்கால்ல மலைத்தண்ணி சலசலன்னு ஓடிட்டே இருக்கும். இதைப் பார்க்காம ஓடுறதுதான் முதல் தப்பு, மத்த தப்புல பாதி இந்த அவசரத்துலேருந்து வர்றதுதான்.

சரி, உயரத்துலேருந்து ஆரம்பிப்போம், ஏன்னா ஆளை நிஜமாவே படுக்க வைக்கிறது அதுதான். குஸ்கோ ஏறக்குறைய 3,400 மீட்டர். ஒயாந்தைதாம்போ 2,800-க்குக் கொஞ்சம் கம்மி. நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், அப்போ இந்த "கீழ இருக்கிற" ஊரே தொட்டபெட்டாவை விட உசரம்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. கடலோரத்துல இருக்கிற லிமாவுலேருந்து ஃப்ளைட் பிடிச்சு ஒன்றரை மணி நேரத்துல குஸ்கோவுல இறங்கிட்டு, அன்னைக்கே ஊர் சுத்தி, ராத்திரி பிஸ்கோ சவர்ங்கிற அந்த ஊர் சரக்கு அடிச்சிட்டு, மறுநாள் தலைவலி வாந்தின்னு ரூம்லயே கிடக்கிறவங்க ஏராளம். அங்க இதுக்கு சொரோச்சேன்னு பேரு. என்னைக் கேட்டா குஸ்கோ ஏர்போர்ட்லேருந்து நேரா ஒயாந்தைதாம்போவுக்கு இறங்கிடுங்க, முதல் ரெண்டு ராத்திரி அங்க தூங்குங்க, மச்சு பிச்சு முடிச்சிட்டு கடைசியில குஸ்கோவைப் பாருங்க. மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், அதனால கீழ பழகிட்டு மேல ஏறின மாதிரி ஆகும், உடம்புக்கு இதுதான் தோது. டூர் கம்பெனிங்க பெரும்பாலும் இதைத் தலைகீழா போட்டுக் குடுப்பாங்க, கேட்டா மாத்தியும் தருவாங்க, ஆனா நாமதான் கேக்கணும்.

ஒரு விஷயம், குஸ்கோவுலேருந்து கீழ போற ரோடு எடுத்த எடுப்புல கீழ போகாது. சிஞ்சேரோ வழியா போனா முதல்ல 3,700 மீட்டருக்கு மேல ஏறி, அப்புறம்தான் பள்ளத்தாக்குல இறங்கும். வண்டியில தலை லேசா கனத்தா பயப்பட வேணாம், ஊர் போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் சரியாயிடும். முதல் நாள் தண்ணி நிறைய, சாப்பாடு கம்மி, சரக்கு வேணவே வேணாம். உயரம் ஒத்துக்காததுக்குக் குடுக்கிற டயமாக்ஸ் மாத்திரை பத்தி ஊர்லேருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, குறிப்பா சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க. கோக்கா இலை டீ எல்லா ஹோட்டல்லயும் குடுப்பாங்க, குடிச்சா இதமா இருக்கும், ஆனா அது வைத்தியம் கிடையாது. தலைவலி ஏறிட்டே போகுது, நடை தள்ளாடுது, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குதுன்னா டீ குடிச்சிட்டு காத்திருக்கக் கூடாது, டாக்டர்கிட்ட போகணும், இன்னும் கீழ இறங்கணும்.

கோக்கான்னதும் இன்னொன்னு. அங்க கடையில பாக்கெட் பாக்கெட்டா இலையும் டீ பேகும் மிட்டாயும் விக்கிறான், சட்டப்படி எந்தத் தப்பும் இல்ல, அதைப் பார்த்துட்டு "வீட்டுக்கு ரெண்டு பாக்கெட்"னு சூட்கேஸ்ல போட்டுடாதீங்க. இந்தியாவுல 1985-ல வந்த போதைப்பொருள் சட்டத்துல, கொக்கெய்ன் எடுக்கிற இலைங்கிறதால, கோக்கா இலையும் சேர்த்திதான். வழியில அமெரிக்காவுல ஃப்ளைட் மாறினா அங்கயும் அது தப்பு. டீ பேகுதானேன்னு கஸ்டம்ஸ்காரன் விடமாட்டான்.

இப்போ ஊரை ஒட்டி மலைமேல இருக்கிற இன்கா கோட்டைக்கு வருவோம். இங்க டிக்கெட்ல நிறைய பேர் குழம்புறாங்க. ஒயாந்தைதாம்போவுக்குன்னு தனி டிக்கெட் கிடையாது, குஸ்கோ பக்கத்து இடங்களுக்கெல்லாம் சேர்த்து குடுக்கிற போலேத்தோ துரிஸ்திகோங்கிற கூட்டு டிக்கெட் எடுக்கணும். முழுசா எடுத்தா வெளிநாட்டுக்காரங்களுக்கு 130 சோல் (பெரு நாட்டுக் காசு), 16 இடம், 10 நாள் செல்லும். பாதி டிக்கெட் 70 சோல், ரெண்டு நாள்தான், பீசாக், ஒயாந்தைதாம்போ, சிஞ்சேரோ, மொராய் நாலும் அதுல வரும். விலை மாறலாம், போறப்போ ஒரு தடவை பார்த்துக்கோங்க. பக்கத்துல இருக்கிற மராஸ் உப்பளம் இந்த டிக்கெட்ல சேராது, அங்க தனியா காசு கட்டணும், டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.

கோட்டையை மத்தியானத்துல பார்க்கிறது அடுத்த தப்பு. குஸ்கோவுலேருந்து வர்ற டூர் பஸ் எல்லாம் அந்த நேரத்துலதான் கொட்டும், படிக்கட்டுல ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துட்டே ஏறணும். ஊர்லயே தங்கினா காலையில 7 மணிக்கு கதவு திறக்கிறப்பவே உள்ள போயிடலாம், வெயிலும் இருக்காது கூட்டமும் இருக்காது. மேல ஆறு பெரிய கல்லை வரிசையா நிக்க வெச்ச ஒரு சுவர் இருக்கு, ஒவ்வொன்னும் பல டன் எடை, இளஞ்சிவப்பா இருக்கும். அது இந்த மலையில வெட்டின கல்லே இல்ல, உருபாம்பா ஆத்துக்கு அந்தப் பக்கம் கச்சிகாத்தா மலையில வெட்டி, கீழ இழுத்து, ஆத்தைத் தாண்டி, மறுபடி இவ்ளோ மேல ஏத்தியிருக்காங்க. வழியிலயே விட்டுட்டுப் போன கல்லுங்க இன்னும் ஆங்காங்க கிடக்கு. நிறைய பேர் சுவர் முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு இறங்கிடுறாங்க, திரும்பி நின்னு எதிர்ல அந்த மலையைப் பார்க்கிறதே இல்ல. பார்த்தாதான் அந்த வேலையோட பெருசு புரியும்.

அதே மாதிரி கீழ தெரியிற சமவெளியையும் பாருங்க. 1537-ல எர்னாண்டோ பிசாரோ ஸ்பானியப் படையோட வந்தப்போ, இன்கா ராஜா மான்கோ இன்காவோட ஆளுங்க வாய்க்காலைத் திருப்பி விட்டு இந்தச் சமவெளியில தண்ணியை நிரப்பிட்டாங்க, குதிரைங்க சேத்துல திணறி ஸ்பானியர் பின்வாங்க வேண்டியதாப் போச்சு. ஸ்பானியரை நேர் சண்டையில திருப்பி அனுப்பின இடங்கள் ரொம்பக் கம்மி, அதுல இது ஒன்னு. அதே வருஷம் மான்கோ இந்த இடத்தை விட்டுட்டு வில்கபாம்பா காட்டுப் பக்கம் போயிட்டாரு, அது வேற கதை.

காசு குடுத்துப் பார்க்கிற மலைக்கு எதிர்ல காசே வாங்காத மலை ஒன்னு இருக்கு, பின்குயூனா. இன்காக்கள் தானியம் சேமிச்ச கிடங்குங்க அதோட சரிவுல நிக்குது, அவ்ளோ உசரத்துல கட்டினதுக்குக் காரணம் அங்க எப்பவும் அடிக்கிற குளிர்காத்து, தானியம் சீக்கிரம் கெடாது. ஊர் முழுக்க, எதிர்ல கோட்டை, எல்லாம் ஒரே பார்வையில தெரியும். ஆனா "ஃப்ரீ, சின்ன மலைதானே"ன்னு செருப்போட ஏறாதீங்க. பாதை செங்குத்து, கைப்பிடி கிடையாது, மழை பெஞ்சா வழுக்கும். வந்து இறங்கின அன்னைக்கே ஏறவும் வேணாம், மூச்சு வாங்கிடும்.

சாப்பாட்டுல சைவக்காரங்க தடுமாறுற இடம் ஒன்னு இருக்கு. "சின் கார்னே"ன்னு, அதாவது கறி வேணாம்னு, சொன்னா மாட்டுக்கறியை எடுத்துட்டு கோழியைப் போட்டுக் குடுப்பாங்க, ஏன்னா அவங்க கணக்குல கோழி கறியில சேர்த்தி இல்ல. கோழி வேணாம், மீன் வேணாம்னு தனித்தனியா சொல்லணும், கினோவா சூப்பா இருந்தாலும் அதோட தண்ணி எதுல கொதிச்சதுன்னு கேக்கணும். கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க. பிளாசாவைச் சுத்தி இருக்கிற டூரிஸ்ட் ரெஸ்டாரண்ட்ல பீட்சா சாப்பிட்டு வர்றதுக்குப் பதிலா மார்க்கெட் பக்கம் போனா சூப்பு, மெயின் சாப்பாடு, குடிக்க ஒன்னுன்னு மதிய மெனு ரொம்ப சல்லிசா கிடைக்கும். அவிச்ச பெரிய மணி சோளமும் சீஸும் தெருவுல விப்பாங்க, அதைத் தவற விடாதீங்க. குச்சியில சிவப்பு பிளாஸ்டிக் கட்டியிருந்தா அந்த வீட்டுல சிச்சா, அதாவது சோளத்துல புளிக்க வெச்ச பானம், இருக்குன்னு அர்த்தம். ருசி பாருங்க, முதல்ல கொஞ்சம் பச்சமாமாவுக்குன்னு, அதாவது பூமித்தாய்க்குன்னு, தரையில ஊத்துறது அங்க வழக்கம், ஆனா வயிறு லேசானவங்க மறுநாள் ட்ரெயின் இருக்கும்போது பெரிய கிளாஸ் அடிக்காதீங்க. குழாய்த் தண்ணி யாருமே குடிக்க வேணாம்.

போட்டோ விஷயம் சொல்லியே ஆகணும். கல் சந்துல நடக்கிறப்போ கதவு திறந்து கிடக்கும், உள்ள ஒரு முற்றம், அதைச் சுத்தி வீடுங்க, அடுப்படியில கினிப்பன்னிங்க ஓடும். அது மியூசியம் இல்ல, ஒருத்தர் வீடு. கேமராவை உள்ள நீட்டுறதை அங்க இருக்கிறவங்க எவ்ளோ பொறுத்துக்குறாங்கன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கு. பார்க்க வாங்கன்னு கூப்பிடுற சில வீடுங்க இருக்கு, அங்க போங்க. போஞ்சோங்கிற சிவப்புப் போர்வை போட்ட, வியோக் கிராமத்துப் பக்கத்து ஜனங்க சந்தைக்கு வருவாங்க, அவங்களை எடுக்கணும்னா முதல்ல புவேனோஸ் தியாஸ், அதாவது குட் மார்னிங், சொல்லி, கேட்டுட்டு எடுங்க. குட்டி ஆட்டையோ லாமாவையோ தூக்கிட்டு போஸ் குடுக்கிறவங்களுக்கு ஒன்னு ரெண்டு சோல் குடுக்கணும், அது அவங்க பிழைப்பு, எடுத்துட்டு நழுவுறது அசிங்கம்.

அதுக்காகவே சில்லறை வெச்சுக்கோங்க. 100 சோல் நோட்டை நீட்டினா மோட்டோ டாக்சிக்காரர் கையை விரிப்பாரு, கிழிஞ்ச டாலரை யாரும் வாங்க மாட்டாங்க, பிளாசாவுல இருக்கிற ஏடிஎம் சில நாள் காலியாவும் இருக்கும். டாய்லெட்டுக்கும் சில்லறை வேணும், பேப்பரை உள்ள போடாம பக்கத்துல கூடையில போடணும், குழாய் அடைச்சுக்கும்.

துணி எடுத்து வைக்கிறதுல ஜூன் ஜூலை ஆளுங்க ஏமாறுவாங்க. பகல்ல டி ஷர்ட் போதும், வெயில் தோலை உரிச்சிடும், சன்ஸ்கிரீன் கண்டிப்பா வேணும். சூரியன் மலைக்குப் பின்னாடி போன அடுத்த நிமிஷம் ஸ்வெட்டரைத் தேடுவீங்க, ஹீட்டர் இல்லாத ரூம்தான் ஜாஸ்தி. டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் மழை. 2010 ஜனவரியில வெள்ளம் தண்டவாளத்தை அரிச்சு, மச்சு பிச்சு அடிவார ஊர்ல ஆயிரக்கணக்கான டூரிஸ்ட்டுங்க மாட்டி, ஹெலிகாப்டர்ல கொண்டு வந்தாங்க. 2022 கடைசியிலயும் 2023 ஜனவரியிலயும் போராட்டத்தால ட்ரெயின் நின்னுச்சு. அடிவார ஊருக்கு ரோடு கிடையாது, ட்ரெயின் நின்னா நடைதான். அதனால மச்சு பிச்சு முடிச்ச மறுநாள் காலையிலயே ஊருக்கு ஃப்ளைட் போடாதீங்க, நடுவுல ஒரு நாள் சும்மா விடுங்க. மே ஜூன்ல பெந்தெகொஸ்தே சமயத்துல சென்யோர் தே சோக்கேகீல்கா திருவிழா நடக்கும், தெருவெல்லாம் ஆட்டம் பாட்டம், பார்க்க அருமை, ஆனா ரூம் முன்னாடியே போடலைன்னா திண்டாட்டம்.

ட்ரெயின்ல பெரிய சூட்கேஸ் ஏத்த விடமாட்டாங்க. சின்னப் பையில ஒரு ராத்திரிக்கு வேணுங்கிறதை எடுத்துட்டு மீதியை ஒயாந்தைதாம்போ ஹோட்டல்லயே விட்டுட்டுப் போங்க, பெரும்பாலும் சும்மாவே வெச்சுக்குவாங்க. பாஸ்போர்ட்டை மட்டும் அந்தப் பெட்டியில விட்டுடாதீங்க, ட்ரெயின் ஏறவும் மச்சு பிச்சு வாசல்லயும் ஒரிஜினல் கேப்பாங்க, டிக்கெட்ல இருக்கிற பேரும் அதுவும் ஒத்துப் போகணும். ராத்திரி ட்ரெயின்ல திரும்பினா ஸ்டேஷன் வாசல்ல "குஸ்கோ குஸ்கோ"ன்னு வேன்காரங்க மொய்ப்பாங்க, களைப்புல சொன்ன ரேட்டுக்கு ஏறிடாம ரெண்டு பேர்கிட்ட கேளுங்க. ரூம் இந்த ஊர்லயே போட்டிருந்தா அந்தக் கூட்டத்தை விலக்கிட்டு நேரா நடங்க, பிளாசா பத்து பதினஞ்சு நிமிஷம்தான்.