வானில் இடைவெளி குறையும் முன்பே: கட்டுப்பாட்டு அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு இடையே உயரத்தில் 1,000 அடி இருக்க வேண்டும். இல்லையென்றால் ரேடார் கண்காணிக்கும் பகுதியில் பக்கவாட்டிலாவது பொதுவாக 5 கடல் மைல் இருக்க வேண்டும். இரண்டுமே ஒரு சேரக் குறைந்துபோனால் அதுதான் 'இடைவெளி இழப்பு'. 5 கடல் மைல் என்பது ஏறக்குறைய 9 கி.மீ. எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்கள் அந்தத் தூரத்தைக் கடக்க 20 விநாடி போதும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்குத் தேர்வெழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் பழைய விபத்துகளைப் படிக்கும்போது கடைசி நிமிடத்தை மட்டும் பார்க்கிறார்கள். தவறு பெரும்பாலும் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதல் தவறு, கொடுத்த உத்தரவை விமானி திருப்பிச் சொல்வதைக் காதில் வாங்காமல் விடுவது. 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யாய்சு நகருக்கு மேலே ஜப்பான் ஏர்லைன்ஸின் 907, 958 என்ற இரண்டு விமானங்கள் நெருங்கின. பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் 958-ஐ இறக்க நினைத்து, மேலேறிக்கொண்டிருந்த 907-ஐ இறங்கச் சொன்னார். 907-இன் விமானி அதைத் தன் எண்ணோடு சேர்த்துத் திருப்பிச் சொன்னார். பயிற்சியில் இருந்தவருக்கும் உறைக்கவில்லை, பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளருக்கும் உறைக்கவில்லை. எதை எதிர்பார்க்கிறோமோ அதைத்தான் காது கேட்கும். பிறகு மேற்பார்வையாளரே மைக்கைப் பிடித்து '957' என்று அழைத்தார். அப்படி ஒரு விமானமே அங்கே இல்லை. சுமார் 135 மீட்டர் இடைவெளியில் இரண்டும் தப்பின. இரண்டிலுமாக 677 பேர் இருந்தார்கள். 907-இல் இருந்தவர்களில் சுமார் 100 பேர் காயமடைந்தார்கள்.

திருப்பிச் சொல்லும்போது எண்ணையும் உயரத்தையும் திரையில் பார்த்து ஒத்துப் பார்ப்பதை, எவ்வளவு நெருக்கடியிலும் விடக்கூடாது. ஒத்த எண்கள் ஒரே அலைவரிசையில் வந்தால் விமானிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது தவறு இதைவிடக் கொடியது. டிகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒரு விமானத்தை 'ஏறு' என்றும் மற்றதை 'இறங்கு' என்றும் சொல்லும். அந்த நேரத்தில் தரையிலிருந்து வரும் உயர மாற்ற உத்தரவு அந்த ஒப்பந்தத்தைக் கெடுத்துவிடும். யாய்சுவில் 907-க்கு டிகாஸ் 'ஏறு' என்றது. விமானி கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கினார். பதினேழு மாதம் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே அதே பொறி மூடிக்கொண்டது. 36,000 அடியில் ஒரு ரஷ்ய டூபலேவ் 154 விமானமும் டிஹெச்எல் சரக்கு விமானமும் நெருங்கின. மோதலுக்கு 43 விநாடி முன்பு, அந்த வான்பகுதியைக் கவனித்த சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டாளர் டூபலேவை இறங்கச் சொன்னார். அதன் டிகாஸ் ஏறச் சொன்னது. டிஹெச்எல் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. இரண்டும் இறங்கின. 71 பேர் இறந்தார்கள்; அவர்களில் 52 பேர் குழந்தைகள்.

அதற்குப் பிறகு விதி தெளிவாக்கப்பட்டது: தரை உத்தரவு முரண்பட்டாலும் விமானி டிகாஸ் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். 'டிகாஸ் ஆர்.ஏ.' (டிகாஸ் ஏறவோ இறங்கவோ சொல்கிறது) என்று விமானி சொன்னதும் கட்டுப்பாட்டாளர் 'ரோஜர்' என்று ஏற்றுக்கொண்டு, மோதல் ஆபத்து நீங்கிவிட்டதாக விமானி சொல்லும் வரை அந்த விமானத்தின் பாதையை மாற்ற முயலக்கூடாது. உதவ வேண்டும் என்று துடிக்கும் மனதுக்கு இது கடினம்தான். ஆனால் அந்தச் சில விநாடிகளில் தரையில் இருப்பவரைவிடக் கருவிக்கு நிலைமை நன்றாகத் தெரியும்.

யூபர்லிங்கனில் அந்த 43 விநாடிக்கு முன்னால் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரவுப் பணியில் இருந்த இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். மற்றவர் இரண்டு இருக்கைகளை ஒருவராகவே கவனித்தார். பராமரிப்பு வேலையால் ரேடார் குறைந்த வசதியோடு ஓடியது. திரையில் மோதல் எச்சரிக்கை வராது. பிரதான தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது. ஃபிரெட்ரிக்ஸ்ஹாஃபனில் இறங்க வந்த இன்னொரு விமானத்துக்காக அவர் தொலைபேசியோடு போராடிக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கட்டுப்பாட்டு நிலையத்தினர் ஆபத்தைத் தங்கள் திரையில் பார்த்துவிட்டு மீண்டும் மீண்டும் சூரிச்சை அழைத்தார்கள். இணைப்பு கிடைக்கவேயில்லை. ஆக, மூன்றாவது தவறு நிர்வாகத்தினுடையது: 'ராத்திரியில் போக்குவரத்து குறைவுதானே' என்று ஒருவரைத் தனியே விடுவது, பராமரிப்பையும் அதே இரவில் வைப்பது. 2007-இல் சுவிஸ் நீதிமன்றம், சூரிச் கட்டுப்பாட்டு நிலையத்தை நடத்திய ஸ்கைகைடு நிறுவனத்தின் நால்வரைக் குற்றவாளிகள் என்றபோது மேலாளர்களும் அதில் இருந்தார்கள். அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

உயரத்தை வாய்ச்சொல்லாக மட்டும் நம்புவது நான்காவது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். டெல்லி ரேடார் அன்று உயரத்தைக் காட்டாது. 15,000 அடிக்கு வந்துவிட்டதாக ரேடியோவில் சொன்ன கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. எதிரே 14,000 அடியில் சவுதி விமானம். வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடம். பிறகுதான் வழித்தடங்கள் பிரிக்கப்பட்டன, இந்தியாவில் டிகாஸ் கட்டாயமானது.

கடைசியாக, சிறிய இடைவெளி இழப்பை மறைப்பது. யாய்சு சம்பவத்தில் இரு கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையை 2010-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வாய் தவறியதற்குச் சிறை என்றால் யார் தானாக முன்வந்து சொல்வார்கள்? இருந்தாலும் எழுதிக் கொடுங்கள், அன்றைக்கே. 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல்லோடு அறிக்கையை முடிக்காமல், பக்கத்து இருக்கையில் யார் இல்லை, எந்தத் திரை ஓடவில்லை, எந்த எண் குழப்பியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.