அறுவைசிகிச்சைக்கு முன் வெறும் வயிறு: எதை, எப்போது நிறுத்துவது?

அறுவைசிகிச்சைக்கு முந்தைய இரவிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று பல வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. சோற்றுக்கும் தண்ணீருக்கும் ஒரே கெடு வைக்கத் தேவையில்லை. மயக்க மருந்தின் பிடியில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடுவதால், வயிற்றில் எஞ்சியிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களுக்கு இவ்வாறு நேர்ந்ததை 1946-இல் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் விரிவாகப் பதிவுசெய்தார். ஆனால் தண்ணீர் வயிற்றில் நெடுநேரம் தங்குவதில்லை.

மற்றபடி நலமாக உள்ளவர்கள், மயக்க மருந்து கொடுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பிரியாணி, வடை, பூரி போன்ற எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவை 8 மணி நேரத்துக்கு முன்பும், இட்லி போன்ற எளிய உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் முடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரையும் பால் சேராத தேநீர், காபியையும் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை அருந்தலாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும், புட்டிப்பாலை 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும்.

நம் வீடுகளில் தவறு பெரும்பாலும் காலைக் காபியில்தான் நேர்கிறது. “வெறும் காபிதானே” என்று குடிப்பதில் பால் இருக்கிறது; அது வயிற்றில் திரிந்து கட்டியாகிவிடுவதால் உணவாகவே கருதப்படும். கஞ்சி, மோர், ஹார்லிக்ஸ் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. வெற்றிலை பாக்கும் வேண்டாம்.

கர்ப்பிணிகள், நெடுநாள் நீரிழிவு உள்ளவர்கள், சர்க்கரைக்கோ எடைக் குறைப்புக்கோ செமாகுளூட்டைடு ஊசி போடுபவர்கள் ஆகியோரின் வயிறு மெதுவாகக் காலியாகலாம் என்பதால், மேற்சொன்ன கணக்கை அவர்கள் தாமாகவே பின்பற்றாமல் மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை மாத்திரைகளில் டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகியவற்றைப் பொதுவாக 3 நாள் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள் என்பதால், அந்தக் கேள்வியைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலை ஒரு மடக்குத் தண்ணீருடன் விழுங்கச் சொல்வார்கள், சிலவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். எது எதுவென்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தவறுதலாக ஏதேனும் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவைசிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போனால், அதுவரை தண்ணீர் குடிக்கலாமா என்று செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் தாகத்தோடு காத்திருந்து உடல் வறண்டுபோக வேண்டியதில்லை.