போப் பிரான்சிஸைப் பற்றி எழுதப்போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"கோவில் சுவர்களைவிட மருத்துவமனைச் சுவர்கள்தான் அதிக மன்றாட்டுகளைக் கேட்டிருக்கின்றன." "நதி தன் நீரைத் தானே குடிப்பதில்லை." போப் பிரான்சிஸின் படத்தோடு இந்த வரிகள் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். இரண்டும் அவர் சொன்னவை அல்ல. நாய்களும் விண்ணகம் போகும் என்று அவர் ஒரு சிறுவனுக்கு ஆறுதல் சொன்ன கதையும் அப்படித்தான். 2014 நவம்பரில் படைப்பு முழுவதும் புதுப்பிக்கப்படும் என்று அவர் பொதுவாகப் பேசினார். அந்தச் செய்தியோடு முன்னாள் போப் ஆறாம் பவுல் பற்றிய பழைய கதையொன்று ஒட்டிக்கொண்டது. கடைசியில் அது பிரான்சிஸின் வாக்காகி, பெரிய நாளிதழ்களே அச்சிட்டுவிட்டுப் பிறகு திருத்தம் போட்டன.

இதுபோன்ற போலிகளை எளிதில் களைந்துவிடலாம். எந்த உரை, எந்தத் தேதி என்று கேட்டாலே பாதி உதிர்ந்துவிடும். பெரிய தொல்லை வேறு. அவர் நிஜமாகவே சொன்ன ஒரு வாக்கியத்தைப் பாதியில் வெட்டி, நமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது. இந்த வேலையை அவரைக் கொண்டாடுகிறவர்களும் செய்கிறார்கள், திட்டுகிறவர்களும் செய்கிறார்கள். சொல்லப்போனால் கொண்டாடுகிறவர்கள்தான் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறார்கள்.

"தீர்ப்பிட நான் யார்?"

2013 ஜூலை இறுதி. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உலக இளைஞர் நாள் முடிந்து ரோமுக்குத் திரும்பும் விமானத்தில், பத்திரிகையாளர்கள் இருந்த பகுதிக்கு வந்து ஏறக்குறைய 80 நிமிடம் நின்றபடியே பேசினார் பிரான்சிஸ். வத்திக்கான் வங்கிப் பொறுப்பில் அவர் நியமித்த ஒரு குருவின் கடந்தகாலம் பற்றியும், வத்திக்கானுக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒருபாலீர்ப்பாளர் குழு பற்றியும் ஒரு பிரேசில் பத்திரிகையாளர் கேட்டார். எந்தக் குழு கட்டிக்கொண்டு காய் நகர்த்தினாலும் அது தவறுதான் என்று சொல்லிவிட்டு அவர் தொடர்ந்தார்: ஒருவர் ஒருபாலீர்ப்பு உள்ளவராக இருந்து, ஆண்டவரைத் தேடுகிறார், நல்மனத்தோடு இருக்கிறார் என்றால், அவரைத் தீர்ப்பிட நான் யார்? அடுத்த மூச்சிலேயே கத்தோலிக்க மறைக்கல்வி நூலைச் சுட்டி, இவர்களை ஒதுக்கக் கூடாது என்று அது அழகாகச் சொல்கிறது என்றார்.

உலகம் முழுக்கத் தலைப்பானது கடைசித் துண்டு மட்டும். "ஆண்டவரைத் தேடுகிறார்" போயிற்று. மறைக்கல்வி நூலும் போயிற்று. ஒருபால் திருமணத்தை அவர் ஏற்றுக்கொண்டார் என்றே பலர் எழுதினார்கள். 2010இல் அர்ஜென்டினா அந்தத் திருமணத்தைச் சட்டமாக்கியபோது, புவெனோஸ் ஐரெஸ் பேராயராகக் கடுமையாக எதிர்த்தவர் இதே மனிதர்தான்.

அதற்காக, அவர் எதையும் அசைக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பிழை. ஒருபால் இணைகளின் உறவை ஆசீர்வதிக்க முடியாது என்று 2021இல் வத்திக்கானின் கோட்பாட்டு அலுவலகம் அறிவித்தது. அதே அலுவலகம் 2023 டிசம்பர் 18 அன்று பிரான்சிஸின் ஒப்புதலோடு வெளியிட்ட அறிக்கை, திருமணச் சடங்கின் சாயல் சிறிதும் இல்லாமல், வழிபாட்டுக்கு வெளியே, ஆசீர் கேட்டு வரும் இணைக்கு எளிய ஆசீர் வழங்கலாம் என்றது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்பதும் அதே அறிக்கையில் உண்டு. ஆப்பிரிக்க ஆயர்கள் எங்கள் மண்ணில் இது ஆகாது என்று அடுத்த மாதமே அறிவித்தார்கள். "திருமணத்தை அனுமதித்தார்" என்பதும் பிழை, "ஒன்றும் நடக்கவில்லை" என்பதும் பிழை. நடுவில் இருக்கும் அந்தச் சிக்கலான இடத்தில்தான் அவர் எப்போதும் நின்றார். எழுதுகிறவர் அந்தச் சிக்கலை வாசகருக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.

எல்லாப் பேச்சும் ஒரே எடை அல்ல

போப் வாய் திறந்தாலே அது தவறா வாக்கு என்று பல பேர், கத்தோலிக்கர் உட்பட, நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் (ஆயர்களின் பேரவை) வரையறுத்த தவறா வரம் மிகக் குறுகலான ஒன்று. திருச்சபை முழுவதற்கும் தலைமைப் போதகராக நின்று, நம்பிக்கை அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை இறுதியாக வரையறுக்கும்போது மட்டுமே அது பொருந்தும். அந்தச் சங்கத்துக்குப் பிறகு அப்படி நடந்தது ஒரே முறை: 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அன்னை மரியாவின் விண்ணேற்பை அறிவித்தபோது. பிரான்சிஸ் அந்த அதிகாரத்தை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை.

விமானப் பேட்டி என்பது பேட்டிதான். அதற்கு மேலே மறையுரைகள், அறிவுரை மடல்கள், சுற்றுமடல்கள் என்று படிகள் உண்டு. அவர் பெயரில் வந்த சுற்றுமடல்கள் நான்கே நான்கு. 2013இல் வந்த முதலாவது பெரும்பாலும் அவருக்கு முன் போப்பாக இருந்த பதினாறாம் பெனடிக்ட் எழுதிவைத்துப் போனது. பிறகு 2015இல் 'இறைவா உமக்கே புகழ்', 2020இல் 'அனைவரும் உடன்பிறந்தோர்', 2024இல் இயேசுவின் திரு இதயம் பற்றியது. 'நற்செய்தியின் மகிழ்ச்சி', 'அன்பின் மகிழ்வு' இரண்டும் அறிவுரை மடல்கள். இவற்றையும் சுற்றுமடல் என்றே எழுதிவிடுவது நம் கட்டுரைகளில் சகஜம்.

மணமுறிவு பெற்று மறுமணம் செய்தவர்களுக்கு நற்கருணை தரலாம் என்று சட்டம் போட்டுவிட்டார் என்பது இன்னொரு அவசரம். 2016இல் வந்த 'அன்பின் மகிழ்வு' மடலில் புதிய சட்டம் எதுவும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குத் திருச்சபை தரும் உதவியில், சில சூழல்களில், நற்கருணை போன்ற அருளடையாளங்களின் உதவியும் அடங்கலாம் என்று 351ஆம் அடிக்குறிப்பு சொல்கிறது. அந்த அடிக்குறிப்புக்கும் அதையொட்டிய பத்திகளுக்கும் நான்கு கர்தினால்கள் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள் என்றால், அவர் எவ்வளவு கவனமாக அதை அடிக்குறிப்பில் வைத்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்யூனிஸ்டா, பசுமைக் கட்சியா?

'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலின் 53ஆம் பத்தியில் "இத்தகைய பொருளாதாரம் கொல்கிறது" என்ற வரி வருகிறது. இதை வைத்துத்தான் அவரை மார்க்சியர் ஆக்கினார்கள். அதையொட்டி அதே பத்தியில் இருப்பதைப் படித்தால் கதை வேறு: வீடற்ற முதியவர் ஒருவர் குளிரில் செத்துப்போனால் அது செய்தி ஆவதில்லை, பங்குச்சந்தை இரண்டு புள்ளி இறங்கினால் செய்தி ஆகிறது, இது எப்படி? "கொலை செய்யாதே" என்ற கட்டளையை அவர் பொருளாதாரத்துக்கு நீட்டுகிறார், அவ்வளவுதான். 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் உரிமைக்காக எழுதிய சுற்றுமடலிலிருந்து வரும் தொடர்ச்சி இது. மார்க்சியச் சித்தாந்தம் தவறு என்று 2013 டிசம்பரில் இத்தாலிய நாளிதழ் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். கூடவே, நல்ல மனிதர்களான மார்க்சியர்கள் பலரை எனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

'இறைவா உமக்கே புகழ்' மடலுக்கு நேர்ந்தது இதைவிட வேடிக்கை. அதைப் பருவநிலை மாற்றம் பற்றிய அறிக்கை என்று சுருக்கிவிட்டார்கள். 246 பத்திகளில் அது ஒரு பகுதி மட்டுமே. ஏழைகளின் குடிநீர், கடன், நகரங்களில் வீடு, தொழில்நுட்பத்தின் மீதான கண்மூடி நம்பிக்கை எல்லாம் அதில் வருகின்றன. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதுதான் அடிநாதம். 120ஆம் பத்தியில், இயற்கையைக் காக்கும் அக்கறையும் கருக்கலைப்பை நியாயப்படுத்துவதும் ஒத்துப்போகாது என்கிறார். சூழலியல் மேடைகளில் இந்தப் பத்தியை யாரும் வாசிப்பதில்லை. மற்ற பத்திகளைக் கருக்கலைப்பு எதிர்ப்பு மேடைகளில் வாசிப்பதில்லை.

நிஜமாகவே அவர் மாற்றிய ஒன்றைப் பற்றிப் பேச்சே குறைவு. மரண தண்டனையை அரிதான சூழலில் அனுமதித்திருந்த மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண்ணை 2018இல் திருத்தி, அது ஏற்கத்தகாதது என்று எழுதவைத்தார்.

புனிதர் ஆக்க அவசரப்படாதீர்கள்

தமிழில் வரும் அஞ்சலிக் கட்டுரைகளில் பெரிய குறை இதுதான். எளிய அறையில் தங்கினார், பழைய காலணி போட்டார், கைதிகளின் பாதம் கழுவினார் என்று அடுக்கிவிட்டு முடித்துவிடுகிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவருடைய வாழ்வில் கடினமான பக்கங்களும் உண்டு.

1973 முதல் 1979 வரை அவர் அர்ஜென்டினாவில் தன் துறவற அமைப்பான இயேசு சபையின் மாநிலத் தலைவர். 1976இல் ராணுவ ஆட்சி வந்தது. அதே ஆண்டு மே மாதம் சேரிப்பகுதியில் பணியாற்றிய அவருடைய சபைக் குருக்கள் ஒர்லாந்தோ யோரியோவும் பிரான்ஸ் யாலிக்ஸும் கடத்தப்பட்டு, ஐந்து மாதம் சித்திரவதைக் கூடத்தில் கிடந்தார்கள். அவர்களைப் பாதுகாக்காமல் கைவிட்டார் என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது. யோரியோ அந்த மனக்கசப்போடே 2000இல் இறந்தார். யாலிக்ஸ் பிரான்சிஸோடு ஒப்புரவானார். பெர்கோலியோ (போப் ஆகும் முன் பிரான்சிஸின் பெயர்) எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று 2013 மார்ச்சில் தெளிவாக அறிவித்தார். பலரை அவர் ரகசியமாகத் தப்பவைத்தார் என்ற சாட்சியங்களும் உண்டு. இதில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு அல்ல.

சிலி விவகாரம் இன்னும் முக்கியம். சிறாரைப் பாலியல் கொடுமை செய்த ஒரு குருவின் குற்றங்களை ஆயர் ஹுவான் பாரோஸ் மூடிமறைத்தார் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். 2018 ஜனவரியில் சிலிக்குப் போன பிரான்சிஸ், ஆதாரம் கொண்டுவாருங்கள், பேசுகிறேன்; இதெல்லாம் அவதூறு என்றார். பாதிக்கப்பட்டவர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம் விசாரணைக்குப் பேராயர் சிக்குளூனாவை அனுப்பினார். அறிக்கையைப் படித்தபின் ஏப்ரலில் கடிதம் எழுதி, நிலைமையைக் கணிப்பதில் பெரும் தவறுகள் செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்ட மூவரைத் தன் இல்லத்துக்கே அழைத்துப் பேசினார். மே மாதம் சிலி ஆயர்கள் கூட்டமாகப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அவருடைய போப் பணியைப் புரிந்துகொள்ள இந்த நான்கைந்து மாதங்கள் போல உதவும் பகுதி வேறில்லை. இதை விட்டுவிட்டுக் காலணியைப் பற்றி எழுதி என்ன பயன்?

சில்லறைப் பிழைகள்

பெயர் பிரான்சிஸ் மட்டும்தான். 'முதலாம் பிரான்சிஸ்' என்று எழுத வேண்டியதில்லை. இயேசு சபையினர் என்பதால் அதே சபையின் பிரான்சிஸ் சவேரியாரின் பெயரை எடுத்தார் என்பது நம்மூரில் அதிகம் கேட்பது. அவர் எடுத்தது அசிசி பிரான்சிஸின் பெயரை. வாக்குகள் மூன்றில் இரண்டைத் தொட்டதும் கர்தினால் ஹும்மெஸ் கட்டிப்பிடித்து, ஏழைகளை மறந்துவிடாதீர்கள் என்றதும் அந்தப் பெயர் மனத்தில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த முதல் போப் அல்ல. எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி சிரியாவிலிருந்து வந்தவர். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து முதல்வர் என்று எழுதலாம், இயேசு சபையிலிருந்து முதல்வர் என்றும் எழுதலாம். வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் அல்ல. தொழிற்பள்ளியில் வேதியியல் நுட்பவியல் படித்தார். ஒரே நுரையீரலோடு வாழ்ந்தார் என்பதும் மிகை. 1957இல் வலது நுரையீரலின் ஒரு பகுதியைத்தான் அகற்றினார்கள். வத்திக்கானுக்கு வெளியே அடக்கம் செய்யப்பட்ட முதல் போப்பும் அல்ல. அவர் துயிலும் மரியா மேஜர் பெருங்கோவிலிலேயே அவருக்கு முன் போப்புகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

நம்மோடு தொடர்புள்ளவற்றிலும் குழப்பம் வருகிறது. 1986இல் சென்னைக்கு வந்தவர் இரண்டாம் ஜான் பால். பிரான்சிஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இலங்கைக்கு வந்தார்: 2015 ஜனவரி 14 அன்று காலையில் கொழும்பு காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம், அன்று மாலையே மன்னார் மாவட்டத்தில் மடு மாதா திருத்தலம். தேவசகாயத்துக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தவர் பிரான்சிஸ். ஆனால் 2012 டிசம்பரில் நாகர்கோவிலில் தேவசகாயம் அதற்கு முந்தைய படியான அருளாளர் ஆனது பெனடிக்ட் காலத்தில்.

சந்தேகம் வந்தால் வத்திக்கான் இணையதளத்தில் அவருடைய உரைகளும் மடல்களும் தேதி வாரியாகக் கிடக்கின்றன. வத்திக்கான் செய்தித் தளத்தில் தமிழ்ப் பிரிவே உண்டு. மடலை மேற்கோள் காட்டும்போது பக்க எண் போடாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். பத்தி எண் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.